அப்ரண்டிஸின் கேள்வி

‘வைதேகி காத்திருந்தாள்’ வந்தது 1984-ல். படத்தின் கதை மறந்துபோனவர்களுக்கும் அதில் வரும் சைக்கிள் கடை மறக்காது. ‘ஆல் இன் ஆல்’ அழகுராஜாவாகக் கவுண்டமணி, அவரிடம் வந்து மாட்டிக்கொள்ளும் செந்தில். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலைப் பார்த்து, இது எப்படி எரியும் என்று செந்தில் கேட்கிறார். கையால் பிடித்தும் பார்க்கிறார். மேன்டில் உதிர்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாற்பது வருஷமாகச் சிரிக்கிறோம், இன்னும் நாற்பது வருஷம் சிரிக்கலாம். அவ்வளவு கச்சிதமான காமெடி அது.

ஆனால் செந்திலின் கேள்வியை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். அது நல்ல கேள்வி. மேன்டில் என்பது உப்புக் கரைசலில் ஊறவைத்த நூல் வலை. தோரியம், கொஞ்சம் சீரியம். முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிந்துபோய், அந்த உலோகங்களின் ஆக்சைடு மட்டும் வலை வடிவத்தில் கூடாக நிற்கும். சூடு ஏறினால் அந்தக் கூடு வெள்ளையாக ஒளிரும். தொட்டால் உதிர்வதும் அதனால்தான், அது ஏற்கெனவே சாம்பல். ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆயர் வான் வெல்ஸ்பாக் 1880-களில் கண்டுபிடித்தது. இன்னும் தோண்டினால் கதை நம் ஊருக்கே வரும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தோரியம் அதில்தான் இருக்கிறது. ஐரோப்பிய மேன்டில்களுக்காகக் கன்னியாகுமரி மணல் கப்பல் ஏறியது.

ஒரு சைக்கிள் கடைக் கேள்விக்குள் இவ்வளவு இருக்கிறது. படத்தில் அதற்குக் கிடைத்த பதில் அடி. கிண்டல் அழகுராஜா மேலும்தான் என்று நீங்கள் சொல்லலாம், அதுவும் சரியே. ‘எல்லாம் தெரியும்’ என்று போர்டு மாட்டியவருக்கு மேன்டில் பற்றித் தெரியாது, அதனால்தான் கை ஓங்குகிறது. ஆனால் நம் நினைவில் முட்டாளாகத் தங்கிப்போனவர் கேட்டவர்தான். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று ஜூனியர் விகடனில் வாசகர்களின் இதே மாதிரிக் கேள்விகளுக்கு சுஜாதா மரியாதையாகப் பதில் எழுதினார், லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். கேள்வி கேட்கும் வாசகருக்கு அங்கே இடம் கிடைத்தது. வேலை செய்யும் இடத்தில் கேள்வி கேட்கும் எடுபிடிக்கு, தமிழ்க் கதையில், சினிமாவில், இன்னும் இடம் கிடைக்கவில்லை என்பது என் புகார்.

வேலையைப் பற்றித் தமிழில் எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேலை தேடி அலைபவனைப் பற்றி நிறைய இருக்கிறது. நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யில் படித்த பையன் ஊரை விட்டுப் பம்பாய் போகிறான். அலைச்சலும் அவமானமும் பசியும் அந்த நாவலில் அப்படியே உடம்பில் ஏறும். வேலை கிடைத்துச் சலித்தவனைப் பற்றியும் இருக்கிறது. விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ ஐடி காரிடாரில் நிலம் போனவர்களையும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனவர்களையும் சேர்த்தே பார்க்க முயன்ற நாவல். அந்த முயற்சிக்காகவே அதைப் படிக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஒருத்தர் காலையிலிருந்து சாயங்காலம் வரை கையால், மூளையால் என்ன செய்கிறார் என்பது அதில் பின்புலம்தான். அவர் வாழ்க்கை முன்னால் நிற்கிறது, வேலை மங்கலாக ஓடுகிறது.

சினிமாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ராமின் ‘கற்றது தமிழ்’ (2007) படத்தில் தமிழ் எம்.ஏ. படித்த பிரபாகரின் கோபத்துக்கு எதிரே நிற்கும் கால் சென்டர் தலைமுறை கிட்டத்தட்ட ஒரு சம்பளத் தொகை மட்டும்தான். ராத்திரி முழுக்க அவர்கள் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று படம் கேட்பதில்லை. அந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. ‘வேலையில்லா பட்டதாரி’ (2014) வேறொரு இடத்தில் கை வைத்தது. சிவில் படித்தவன் சிவில் வேலைதான் பார்ப்பேன் என்று காத்திருக்கிறான். சாஃப்ட்வேர் தம்பியோடு வீட்டில் ஒப்பீடு. கடைசியில் அவன் பிடிவாதம் ஜெயிக்கிறது. நானும் தியேட்டரில் விசில் அடித்தவன்தான். ஆனால் அந்த விசிலுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: படித்த துறையில் நிற்பவன் மானஸ்தன், மாறிப் போனவன் தோற்றவன்.

மாறிப் போனவர்கள் எத்தனை பேர் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள்? விக்கிரவாண்டியில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன். வயது 36. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் 11 வருஷம் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவர். மெக்கானிக்கலில் சேரும் பிள்ளைகள் குறைந்தார்கள், பிறகு பிரிவே இல்லாமல் போனது. ஒரு வருஷம் அங்கே இங்கே பார்த்தார். இப்போது புதுச்சேரிப் பக்கம், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் டெக்னிக்கல் சப்போர்ட் டிரெய்னி. விழுப்புரம் போய் பஸ் மாறிப் போகிறார். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பெண்ணுக்கு 24 வயது. இவருடைய பழைய மாணவி.

முதல் வாரம் அவர்களுக்கு வந்த சிக்கல் மென்பொருளில் இல்லை, விளிச்சொல்லில். ஆபீஸில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அவரைப் பெயர் சொல்ல வாய் வரவில்லை, ‘சார்’ என்றுதான் வருகிறது. இவருக்கோ வகுப்பில் ‘ஏம்மா’ என்று கூப்பிட்ட பெண், இப்போது தன் வேலையைச் சரிபார்ப்பவர். ‘மேடம்’ என்றால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். கடைசியில் தமிழே வழி காட்டியது. விளிச்சொல்லை விட்டுவிட்டு ‘இதைக் கொஞ்சம் பாருங்களேன்’, ‘அதை ஓபன் பண்ணுங்க’ என்று வினைமுற்றின் மரியாதையிலேயே காலம் தள்ளுகிறார்கள். நம் மொழியில் நடக்கக்கூடிய நாடகம் இது. எந்தச் சிறுகதையிலாவது படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை.

சட்டத்தில் இவருக்கு என்ன பெயர் என்று தேடிப் பார்த்தேன். 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தைத் தமிழில் தொழிற்பழகுநர் சட்டம் என்கிறார்கள். அதன் 18-வது பிரிவு பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி கிடையாது என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. 1973-ல் பட்டதாரிகளும் சட்டத்துக்குள் வந்தார்கள். 2019-ல் திருத்திய விதி பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் வைத்தது. அதுவும் முறைப்படி பதிவு செய்த பழகுநருக்குத்தான். அண்ணனின் கடிதத்தில் இருப்பது வெறும் ‘டிரெய்னி’. ஆக, சட்டத்தின் பார்வையில் முழுத் தொழிலாளி இல்லை, பழகுநரும் இல்லை. ஊரின் பார்வையில் வாத்தியாரும் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது ‘இப்ப எங்கப்பா இருக்க?’ என்று கேட்டால், பஸ் ரூட்டைச் சொல்லிச் சமாளிக்கிறார். சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு கதை இல்லை. இலக்கியம் செய்யத் தவறிய வேலை என்று நான் சொல்வது இதைத்தான். வேலை தேடுபவனுக்கும் வேலை போனவனுக்கும் நாம் கதை கொடுத்திருக்கிறோம், அவர்கள் தங்கள் துயரத்தை அந்தக் கதையில் வைத்துப் பேசிக்கொள்ள முடியும். முப்பத்தாறு வயதில் அ, ஆவிலிருந்து ஆரம்பிப்பவருக்கு செந்தில் வாங்கிய அடி மட்டும்தான் கைவசம்.

சரி, அப்படி எழுதும் அளவுக்கு அந்த வேலையில் என்ன இருக்கிறது?

‘பில்லு வரல தம்பி.’ திண்டிவனத்திலிருந்து ஒரு கடைக்காரர் போனில் சொல்லும் வாக்கியம் இவ்வளவுதான். இதற்கு எத்தனை அர்த்தம் என்று எண்ணுங்கள். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருக்கலாம். புதிதாக ஒரு பிரிண்டர் மாட்டியதில் கணினி அதையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, பில் யாரும் பார்க்காத அறையில் அச்சாகிக்கொண்டிருக்கலாம். பில் சேமிப்பே ஆகாமல் இருக்கலாம். சேமிப்பாகியும், வாங்கியவரின் வாட்ஸ்அப்புக்குப் போகாமல் இருக்கலாம். பில் வந்தும், பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்ப் பெயர்கள் யூனிகோடில் கட்டம் கட்டமாகத் தெரிவதால் ‘வரல’ என்கிறாராக இருக்கலாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறார். விமர்சனம் எழுதுகிற நமக்கு இது பழக்கமான விஷயம்தானே? நம்ப முடியாத கதைசொல்லி என்று ஒரு வகை உண்டு. சப்போர்ட்டில் உட்கார்ந்தவர் நாள் முழுக்க அந்த வகைப் பிரதியைத்தான் வாசிக்கிறார். ஒரே வித்தியாசம், இங்கே தப்பாக வாசித்தால் அந்தப் பக்கம் ஒருத்தர் கடை நிற்கும்.

அண்ணன் எழுதிய முதல் டிக்கெட்டை அந்தப் பெண் திருப்பி அனுப்பிவிட்டார். ‘பில் வரவில்லை என வாடிக்கையாளர் கூறுகிறார்’ என்று எழுதியிருக்கிறார். ‘இது அவர் சொன்னது சார். நடந்தது என்ன?’ என்பதுதான் அந்தப் பெண் போட்ட குறிப்பு. டிக்கெட்டுக்கு ஒரு வடிவம் உண்டு. என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, அதே தவறை மறுபடி நடக்க வைக்க எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். நம் கண்முன் அதே பிழையை மறுபடி வரவைக்கும் வரைக்கும் நாம் கேட்டதெல்லாம் வதந்தி. நான் கோடு எழுதிப் பிழைப்பவன். என் மேஜைக்கு வரும் ஒவ்வொரு பிழைக்கும் பின்னால், யாரோ ஒருத்தர் பொறுமையாகக் கடைக்காரரின் தமிழை இந்த மூன்று கேள்விக்குப் பதிலாக மாற்றியிருக்கிறார். டெவலப்பர் உலகத்தில் அவருக்குப் பெயர் ‘எல்-1’. ஏணியின் கடைசிப் படி.

அந்தப் படியில் மாதத்துக்கு இரண்டு முறை வெள்ளம் வரும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ல் வந்தது. மாதக் கணக்கு காட்டுபவர்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. அந்தத் தேதிகள் நெருங்கினால் போன் கீழே வைக்க முடியாது. ஏப்ரல் 1 வேறு வகை வெள்ளம். புது நிதியாண்டு பிறந்ததும் பில் எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும், பழைய பில்கள் திரையில் காணாமல் போகும். ‘ஒரு வருஷக் கணக்கு போச்சு தம்பி’ என்று ஒரு பெரியவர் கிட்டத்தட்ட அழுதிருக்கிறார். எதுவும் போகவில்லை, மேலே ஆண்டை மாற்றினால் எல்லாம் அங்கேயே இருக்கும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்கு முன்னால், ‘ஐயா, முதல்ல மூச்சு விடுங்க, கணக்கு எங்கயும் போகல’ என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். எல்லாம் சரியான பிறகு பெரியவர் கேட்டாராம், ‘தம்பி, நீங்க முன்ன வாத்தியாரா?’ என்று. இதைச் சொல்லும்போது அண்ணன் முகத்தில் பெருமையா வருத்தமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட வேலையிலிருந்து பெரிய இலக்கியம் வருமா என்று சந்தேகப்படுபவர்கள் பிரிமோ லெவியைப் படிக்கலாம். இத்தாலிய வேதியியலாளர், டூரின் அருகே பெயின்ட் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். 1975-ல் வந்த ‘தி பீரியாடிக் டேபிள்’ நூலில் ‘வனேடியம்’ என்று ஓர் அத்தியாயம். ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான ரெசினால் ஒரு வார்னிஷ் காயாமல் ஒட்டுகிறது. புகார் அனுப்புகிறார்கள், பதில் வருகிறது, மறுபடி கடிதம். முழுக்க முழுக்க வாடிக்கையாளர் புகார்ப் போக்குவரத்து. அதில் ஒரு கடிதத்தில் ஒரு வேதிப்பொருளின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிழையை லெவி இதற்கு முன் கேட்டிருக்கிறார். அவுஷ்விட்ஸில் கைதியாக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபோது அங்கிருந்த ஜெர்மன் வேதியியலாளர் ஒருவர் வாயிலிருந்து. கடிதம் எழுதியவர் அவர்தான். இருபதாம் நூற்றாண்டின் மிகக் கனமான கடிதப் பரிமாற்றங்களில் ஒன்று, ஒரு சப்போர்ட் கடிதத்தைக் கவனமாக வாசித்ததால் நடந்தது. புகாருக்கு வந்த கடிதத்தில் இருக்கும் எழுத்துப்பிழையைக்கூட விடாமல் பார்க்கும் கண் லெவிக்கு இருந்ததென்றால், அதில் ஆலை வேலைக்கும் பங்கு உண்டு.

நம்மிடமும் அந்தக் கண் இருந்திருக்கிறது. ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்க’ளில் சினிமாவின் வேலையை எழுதினார். வண்டி வர வேண்டும், ஆள் வர வேண்டும், சாப்பாடு வர வேண்டும் என்ற கவலைகளே அங்கே கதையாகின்றன. ‘புலிக்கலைஞன்’ கதையில் புலிவேஷம் கட்டத் தெரிந்த ஒருத்தர் சினிமா ஆபீஸுக்கு வாய்ப்புக் கேட்டு வருகிறார். அவர் கையில் முழுத் தொழில் இருக்கிறது. ஆபீஸில் அவருக்கான கட்டம் இல்லை. அந்தச் சின்ன அறையில் அவர் புலியாக மாறும்போது எல்லோரும் உறைந்துபோகிறார்கள். பதினோரு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் நடத்திய அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். ஒரு வித்தியாசத்தோடு. அசோகமித்திரனின் கலைஞர் தன் பழைய வித்தையையே காட்டிவிட்டுப் போகிறார். இவர் பழைய வித்தையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறார். அந்த உட்காருதலை எழுத அசோகமித்திரனின் அலுவலகக் கண் நமக்கு உதவும். அதை அவரோடு நிறுத்திவிட்டோம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சப்போர்ட் வேலையைத் தியானம் மாதிரி எழுதிவிடக் கூடாது. முதல் பதில் எத்தனை நிமிஷத்தில் போனது, ஒரு நாளில் எத்தனை டிக்கெட் மூடப்பட்டது, வாடிக்கையாளர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்று எல்லாமே எண்ணப்படும். எண்ணிக்கைக்காகப் பிரச்சினை தீராமலே டிக்கெட்டை மூடும் கலையும் அங்கே உண்டு. இன்னொரு பழம் எங்கே என்று கேட்டால் அதுதான் இது என்று பதில் சொல்லும் அதே கலை. பயிற்சி என்ற பெயரில் மலிவாக ஆள் எடுத்து, பயிற்சி முடிவதற்குள் அடுத்த ஆளை எடுப்பதும் உண்டு. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை இப்போது சாட்பாட்டிடம் கொடுக்கிறார்கள். ஏணியின் கடைசிப் படியையே கழற்றுகிறார்கள் என்றால், 36 வயதில் ஏற வருபவர் எங்கே கால் வைப்பார்? நாவல் எழுதுபவர் இதையெல்லாம் விட்டுவிட்டு ‘கேட்டல் ஒரு கலை’ என்று மட்டும் எழுதினால் அது விளம்பரம். அதே சமயம் சுரண்டலை மட்டும் எழுதி, பிழையை மறுபடி வரவழைத்துப் பிடித்த கணத்தில் அவருக்கு வரும் சந்தோஷத்தை விட்டாலும் பாதிதான். இரண்டும் ஒரே மேஜையில், ஒரே மத்தியானத்தில் நடக்கிறது.

எங்கள் பக்கத்தைப் பற்றிய செய்திகளிலும் இதே குறை. 2024 பிப்ரவரியில் வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறந்தபோது 31 கோடி ரூபாய், 63,000 சதுர அடி என்று படித்தோம். அதற்குள் உட்காருபவர்கள் என்ன வேலை செய்வார்கள் என்று எந்தச் செய்தியும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஜூலையில் விக்கிரவாண்டிக்கு இடைத்தேர்தல், அக்டோபர் 27-ல் வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு. கேமராக்கள் வந்தன, தலைகளை எண்ணின, போயின. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் டோல்கேட்டைக் கடந்த வண்டிகளை எண்ணுகிறார்கள்.

அந்த டோல்கேட்டில் எண்ணப்படாத ஒருத்தர் நிற்கிறார். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். மேலே இருக்கும் கருவி டேக்கைப் படிக்கவில்லை என்றால், கையடக்க ஸ்கேனரை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அருகே ஓடி வருபவர் அவர். பின்னால் நூறு ஹாரன். டேக்கில் பணம் இல்லையா, பேங்க் தடுத்து வைத்திருக்கிறதா, கண்ணாடியில் டேக் ஒட்டிய இடம் தப்பா, வண்டிக்காரர் 1033-க்குப் போன் பண்ண வேண்டியதா, அதை அவர் அரை நிமிஷத்தில் வாசித்துச் சொல்ல வேண்டும். அதற்குள் வண்டிக்காரர் அவரை இரண்டு வார்த்தை திட்டியிருப்பார். அவருக்கு இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தார்கள், முதல் நாள் அவர் கேட்ட கேள்வி என்ன, யார் சிரித்தார்கள்? அடுத்த முறை ஊருக்கு வரும்போது கதை எழுதுகிற நண்பர்கள் கொஞ்சம் கண்ணாடியை இறக்கிக் கேட்கலாம். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.